குற்றவாளிகள் நாங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏன்டி, உங்களுக்கெல்லாம் மண்டையில மூளை இருக்கா, இல்ல களிமண்ணா? முட்டைய எரிச்சவ அவ. எரிஞ்சது இவங்க பிள்ளைங்க. கடைசில குற்றவாளிகள் இவங்களா? இதுக்குத்தான் மூணு வருஷமா உக்காந்து பாத்தேனா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் திட்டியது, டிவியில் அப்போதுதான் முடிந்திருந்த 'தொலைக்கரை' தொடரின் தீர்ப்புக் காட்சியை. வேற்று மொழியில் எடுத்த அந்தத் தொடரின் தமிழ் டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவள் நான். கூடப்பிறந்தவளாகவே இருந்தாலும் என் எழுத்தில் கை வைத்தால் விடுவதாக இல்லை.

"என்னக்கா உளர்றே?"

"நான் உளர்றேனா? உன் நீதிபதிதான் உளர்றான். 'குற்றவாளிகள் நாங்கள்'ங்கறான். நாங்கள்! காதுல விழுதா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அந்த இடத்தில் 'நாங்கள்' வரவே கூடாது. அங்கே வர வேண்டியது 'நாம்'. அந்த ஒரு சொல்லுக்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் விண்கப்பல் ஒன்று வேற்றுக் கிரகத்தில் இறங்குகிறது. இறங்கும்போது அதன் நெருப்பு பட்டு, அங்குள்ளவர்கள் முட்டையிட்டுக் காத்து வந்த மணல்திட்டு முழுவதும் கருகிப்போகிறது. கப்பலை ஓட்டியவள் ஒரு பெண். அவளைப் பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். நீதிபதிக்கு மூன்று கண், தவளை வாய். அந்தக் கிரகத்துச் சட்டம் விசித்திரமானது. தங்களில் ஒருவர் குற்றம் செய்தால் தண்டனையை எல்லாரும் பங்கு போட்டுச் சுமப்பார்கள். வெளியாள் செய்தால் அந்த ஆள் தனியாகச் சாக வேண்டியதுதான். ஆக, அந்தப் பெண் உள்ளாளா வெளியாளா என்பதுதான் மூன்று வருஷக் கதையே. தீர்ப்பு நாளில் நீதிபதி பாறையிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நிற்கிறான். இவளும் நம்மில் ஒருத்தி, எல்லாருமாகச் சுமப்போம் என்கிறான்.

மூல மொழியில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாவம், அவர்களுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான். முதல் பகுதிக்கு எழுத உட்கார்ந்த அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. நீதிபதி அவளிடம் பேசும்போதெல்லாம் 'நாங்கள்' என்றே சொல்லட்டும். நாங்கள் என்றால் நீ சேர்த்தி இல்லை என்று அர்த்தம். கடைசித் தீர்ப்பில் முதல் தடவையாக 'நாம்' என்று சொல்லட்டும். அறுபத்தெட்டு பகுதிகள். ஒரு இடத்தில்கூட வழுக்காமல் காப்பாற்றி வந்தேன். என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் கவனிக்கப் போவதுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கவனித்துவிட்டார்கள். ரசிகர் பக்கத்தில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "இன்னிக்கும் நாங்கள்தான், நாம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு புண்ணியவான் இருநூற்றுப் பன்னிரண்டு 'நாங்கள்' என்று எண்ணியே வைத்திருந்தார். படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்கள்னு சொல்றப்பவே மூஞ்சில கதவச் சாத்துற மாதிரி இருக்கு. குரல் கொடுக்கிறவர் என்ன ஒரு மேதை!" என்று எழுதியிருந்தார். கதவைச் செய்து மாட்டியவள் நான், சாத்தியவருக்குக் கைதட்டல். தொடர் முடிந்ததும் குரல் கொடுத்தவர்கள் பெயர் மட்டும் ஓடும், வசனம் எழுதியவள் பெயர் ஓடாது. அதுதான் அங்கே வழக்கம். அதை மாற்றச் சொல்லிப் பத்தொன்பது வருஷமாகச் சண்டை போடுகிறேன்.

குரல் கொடுத்தவரை ஸ்டுடியோவில் 'இடி' என்போம். அறுபத்திரண்டு வயது. மைக் முன்னால் வாயைத் திறந்தால் கண்ணாடிக் கதவு அதிரும், வெளியே வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. எனக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு, 'உதடு'. படத்தில் இருப்பவன் உதட்டை மூடும் இடத்தில் என் தமிழும் உதட்டை மூடும், திறக்கும் இடத்தில் திறக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதுவேன். இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் என்னைப் போல் உதடு பொருத்த ஆள் கிடையாது. தலைக்கனம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதனால் அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

"நான் 'நாம்'னுதான் எழுதினேன். வேணும்னா வந்து பாரு, கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு."

"அப்ப எப்படி மாறிச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அந்த மனுஷன்தான் வாய் தவறியிருப்பாரு. இருநூறு தடவ நாங்கள் நாங்கள்னு சொன்ன வாய்தானே!"

நான் சொன்னது அவ்வளவுதான். ஆனால் என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தால் யார் உடைத்தது என்று கண்டுபிடிக்காமல் மணி அடித்தாலும் யாரையும் வெளியே விடமாட்டாள். ரசிகர் பக்கத்தில் அவளுக்கு 'ஏழாம் நிலா' என்று பெயர், அங்கே அவள் வாக்குக்கு மறுவாக்கு இல்லை. போனை வைத்த பத்தாவது நிமிஷம் எழுதிவிட்டாள்: "உள்ளே இருக்கிறவங்க சொன்ன தகவல். எழுத்து சரி. குரல்தான் தப்பு."

அதுவரைக்கும் ஜனங்கள் நீதிபதியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். "எரிச்சவ கப்பல் ஏறிப் போறா, எரிஞ்சவன் கை கட்டி நிக்கிறான்." "மூணு கண்ணு இருந்து என்ன, நியாயம் தெரியலையே." "எங்க மேனேஜர் பண்ண தப்புக்கு நேத்து நான் மன்னிப்பு கேட்டேன். வீட்டுக்கு வந்து டிவி போட்டா இங்கயும் அதே கூத்து." படிக்கப் படிக்க அவர்கள் கோபம் எனக்குச் சரியாகவே பட்டது. நானாக இருந்தாலும் டிவியை உடைத்திருப்பேன். அக்கா எழுதிய பிறகு எல்லாம் இடி பக்கம் திரும்பியது. "தொண்டை இருக்கு, மண்டை இல்லை." "ஒரே ஒரு சொல்லைப் பாத்துப் படிக்கத் தெரியாதா?" "கெழவனை வீட்டுக்கு அனுப்புங்கப்பா." ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உள்ளுக்குள் இனித்தது. கைதட்டலை வாங்கினீர்களே, இதையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அப்படி நினைத்தவள்தான் நான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை காலை தமிழாக்கப் பிரிவின் பொறுப்பாளர் கூப்பிட்டனுப்பினார். நாற்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகவே இல்லை என்று சொல்கிறவர். மேஜையில் ஒரு அறிக்கை தயாராக இருந்தது: 'குரல் கலைஞரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். மீதமுள்ள பகுதிகளில் நீதிபதிக்குப் புதிய குரல் ஒலிக்கும்.'

"அவரத் தூக்கிட்டீங்களா?"

"வேற வழி? நானே கேட்டேன் மேடம். வாய் தவறிடுச்சு சார்னு அவரே ஒத்துக்கிட்டாரு. புதன்கிழமை புது ஆள் வர்றாரு, மறுஒளிபரப்புக்கு அந்தத் தீர்ப்பு வரியையும் சேத்துத் திரும்ப எடுத்துருவோம். அறிக்கை அன்னிக்கே போயிரும்."

ஒத்துக்கொண்டுவிட்டார்! என் மூன்று வருஷத்தை ஒரு நொடியில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, 'வாய் தவறிடுச்சு' என்று இரண்டே சொல்லில் கை கழுவிவிட்டாரா? நாலு வார்த்தை நேருக்கு நேர் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தார். முகவரியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இடியின் வீடு மூன்றாம் மாடி. கூடம் முழுவதையும் ஒரு வெட்டுமேஜை அடைத்திருந்தது. அவர் மனைவி தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவும் வாயில் இரண்டு குண்டூசியுமாக நின்றிருந்தார். இடி மூலையில் சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஏண்ணே, நான் பாத்துப் பாத்து எழுதினது உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா? வாய் தவறிடுச்சாம்ல? அந்த ஒரு சொல்லுலயா தவறணும்?"

அவர் வாயைத் திறக்கும் முன் அவர் மனைவி குண்டூசிகளைத் துப்பினார்.

"வாங்கம்மா வாங்க. நீங்களா வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ சும்மா இரு" என்றார் இடி, கேட்கவே கேட்காத குரலில்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ரெண்டு நாளா ஊரு பூரா இவர நாய் மாதிரி திட்டுது. எவனோ நம்பரக் கண்டுபிடிச்சு போன் போட்டு அசிங்கமாப் பேசறான். நான் சும்மா இருக்கணுமா?" சுவரில் ஆணி அடித்து, காகிதத்தில் வெட்டிய அச்சுகளைக் கொத்தாக மாட்டியிருந்தார். கை, காலர், முதுகு எல்லாம் தனித்தனிக் கொத்து. 'கை' கொத்தை இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நீங்க எழுதற வசனக் காகிதமெல்லாம் படிச்சு முடிச்சதும் எனக்குத்தான் வரும். பின்பக்கம் வெள்ளையா இருக்கும், அச்சு வெட்ட வசதி. இந்தாங்க. முன்பக்கம் படிங்க. சத்தமாப் படிங்க."

ஒரு முழுக்கைச் சட்டையின் கை வடிவத்தில் வெட்டிய காகிதம். ஓரங்களில் வரிகள் பாதியில் துண்டாகியிருந்தன. நடுவில் அச்செழுத்தில் 'குற்றவாளிகள் நாம்' என்று இருந்தது. 'நாம்' என்பதைப் பென்சிலால் ஒரே கோட்டில் அடித்து, மேலே 'நாங்கள்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 'வாய் திறப்பு' என்று எழுதி இரண்டு ஆச்சரியக்குறி. அந்த 'ங்'கின் வளைவு, அந்த ஆச்சரியக்குறி, எல்லாம் என்னுடையது. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு ஒரு ஆச்சரியக்குறி போதாது.

"இது யாரு கையெழுத்து?" என்றார் அவர் மனைவி.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில்தான் பொறுப்பாளரோடு பெயர் போடுவதைப் பற்றிச் சண்டை. முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்றார், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தக் கொதிப்போடு ஒலிப்பதிவுக்கு வந்தேன். ஒரே நாளில் இரண்டு பகுதி, முந்நூற்றுச் சொச்சம் வரிகள். அப்படிப்பட்ட நாளில் ஐம்பது அறுபது சொல்லையாவது அங்கேயே நின்று பென்சிலால் மாற்றுவேன். எதை மாற்றினேன் என்று சாயங்காலம் கேட்டால் தெரியாது. 'தண்டனையைச் சுமப்போம்' என்ற வரியில் நீதிபதி முதுகு காட்டி நிற்கிறான், பிரச்சினை இல்லை. 'குற்றவாளிகள் நாம்' என்னும்போது திரை முழுக்க அவன் வாய்தான். பேசி முடித்த பிறகும் தவளை வாய் திறந்தே நிற்கிறது. 'நாம்' என்றால் உதடு மூடியாக வேண்டும். திரையில் ஆவென்று திறந்த வாயிலிருந்து 'ம்' வந்தால் பார்க்கிறவன் சிரிப்பான். 'உதடு' எழுதிய வசனத்தில் உதடு பொருந்தவில்லை என்று பெயர் வந்துவிடும். நான் திரையில் வாயை மட்டுமே பார்த்தேன். அடித்தேன், எழுதினேன், காகிதத்தை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். தயங்கினார். "அம்மா, இது 'நாம்' இல்லையா? வேணும்னா..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"வாய் தொறந்திருக்கறது தெரியல? எழுதினதப் படிங்கண்ணே. பேசறதுக்குத்தானே உங்க பேர் போடறாங்க, யோசிக்கறதுக்கு இல்லையே" என்றேன்.

அவர் படித்தார்.

இரண்டு நாளாக நான் இனிக்க இனிக்கப் படித்த நாலாயிரம் வசவும் என்னுடையது. அக்காவுக்குத் தகவல் கொடுத்து அதை இந்த மனுஷன் தலையில் கொண்டுவந்து இறக்கியவளும் நானே. வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அப்பறம் எதுக்குண்ணே வாய் தவறிடுச்சுன்னு சொன்னீங்க? உங்கள யாரு தியாகி ஆகச் சொன்னது?"

"கத்தாதம்மா, கீழ் வீட்டுல குழந்த தூங்குது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உன் பேரச் சொன்னா உன்ன அனுப்பிருவாங்க. நீ பேர் போடுன்னு சண்ட போடறதால எப்படா சாக்குக் கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கென்ன, வேற வேல இருக்கு."

"என்ன வேல?" என்றார் அவர் மனைவி. "அந்தக் கார்ட்டூன் ஆமையா? வாரத்துக்கு ரெண்டு தடவ 'மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க'ன்னு சொல்றது. இந்த நீதிபதி ஒருத்தன்தாம்மா இவருக்கு. காலைல எந்திரிச்சு வெந்நீர் குடிச்சுத் தொண்டையப் பாத்துக்கறதே அவனுக்காகத்தான்."

இடி சட்டையை மடித்து வைத்தார். "அது மட்டும் இல்லம்மா. மூணு வருஷமா அந்த 'நாங்கள்'க்கு என்னப் பாராட்டினாங்க. அது உன்னோடது. எனக்குத் தெரியும். அது என்னோடது இல்லன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாராட்ட வாங்கிட்டு, திட்டு மட்டும் உனக்குன்னு எப்படிச் சொல்றது?"

இந்த மனுஷனைத்தான் நான் திட்ட வந்திருந்தேன். காகிதக் கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "இத எடுத்துட்டுப் போறேன்" என்றேன். "வேற அச்சு வெட்டிக்கறேன், போங்க" என்றார் அவர் மனைவி. தண்ணீர் வேண்டுமா என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது.

நேராகப் பொறுப்பாளர் அறைக்குப் போனேன். காகிதக் கையை அந்த அறிக்கையின் மேலேயே விரித்தேன்.

"தப்பு என்னுது. அவர் கேட்டாரு, நான்தான் வாய அடைச்சேன். அறிக்கைல என் பேரப் போடுங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"உங்க பேர் யாருக்கு மேடம் தெரியும்?"

"என்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அவர் பேர் தெரிஞ்ச பேர். யாருன்னே தெரியாத ஒரு ஆள் தப்பு பண்ணிட்டாங்கன்னு அறிக்கை விட்டா, சாக்கு சொல்றோம்னு அதுக்கும் திட்டுவாங்க. அவரும் ஒத்துக்கிட்டாரு. விட்டுருங்க." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க ரொம்ப நாளா கேக்கறீங்கல்ல, பேர் போடறது? அடுத்த தொடர்லேர்ந்து போட்டுரலாம். 'தமிழ் வசனம்'னு தனியா. நானே மேலிடத்துல பேசறேன்."

பத்தொன்பது வருஷம். எத்தனை கடிதம், எத்தனை சண்டை. ஒரு நாளும் கிடைக்காதது இப்போது மேஜைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் பெயர் திரையில் ஓடுவதைப் பார்த்தேன். வெள்ளை எழுத்தில், கொஞ்சம் பெரிதாகவே. அதற்குக் கீழே இடியின் பெயர் இல்லை.

"இத நேத்து சொல்லிருந்தா உங்க கால்ல விழுந்திருப்பேன்" என்றேன். "இன்னிக்குச் சொல்றீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

காகிதக் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவை அறைந்து சாத்தினேன். அது மெதுவாகச் சாத்திக்கொள்ளும் வகைக் கதவு. அதிலும் எனக்குத் தோல்விதான்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்றபடி முதலில் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. என் அக்கா குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ சொன்னத நம்பித்தானடி அந்த மனுஷனச் சந்தி சிரிக்க வச்சேன்" என்றாள் கடைசியில். "போன வை." அவளே வைத்துவிட்டாள்.

ரசிகர் பக்கத்தில் என் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கினேன். காகிதக் கையைப் பஸ் நிறுத்த பெஞ்சில் விரித்துப் படம் எடுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "மூன்று வருஷமாக இந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவள் நான். 'நாம்' என்று எழுதியதும் நான், உதடு பொருந்தவில்லை என்று அதை 'நாங்கள்' ஆக்கியதும் நான். குரல் கொடுத்தவர் தடுத்தார். நான் கேட்கவில்லை. தவறு நேர்ந்துவிடவில்லை. நான் செய்தேன்."

வீடு போய்ச் சேருவதற்குள் ஆரம்பமாகிவிட்டது. அவரைத் திட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "மூணு நாள் கழிச்சு இப்பத்தான் வாய் தொறக்குதா?" "அர்த்தம் போனா போகட்டும், உதடு முக்கியமாம்!" "அவர் சோத்துல மண்ணப் போட்டுட்டு இப்ப ஒப்பாரியா?" ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதுதான் ஆத்திரம்.

நடுவே ஏழாம் நிலா எழுதியிருந்தாள். "இவ என் தங்கச்சி. நான் சொன்ன 'உள்ளே இருக்கிறவங்க' இவதான். சரிபார்க்காம எழுதினது நான். இவளத் திட்டறவங்க என்னையும் சேத்துத் திட்டுங்க. ஆனா அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியது நீங்க இல்ல. குற்றவாளிகள் நாங்கள். இந்த இடத்துக்கு இந்தச் சொல் சரி."

படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். என்னிடம் அவள் ஒரு வாரம் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

ரசிகர்கள் மும்முரமாகிவிட்டார்கள். இடியைத் திரும்ப அழைக்காவிட்டால் கடைசி இரண்டு பகுதியை ஒருவரும் பார்க்க மாட்டோம் என்று செவ்வாய்க்கிழமை முழுக்கச் சேனலுக்கு எழுதிக் குவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்ன அதே ஆட்கள்! கோபத்தில் என்ன வேகம் வந்ததோ அதே வேகம். புதன்கிழமை காலை பொறுப்பாளர் போனில் சொன்னார்: புது ஆள் வரவில்லை, அறிக்கையும் போகவில்லை, நீதிபதிக்கு இடியே பேசுவார், தீர்ப்பு வரியையும் அவரே திரும்பப் பேசுவார். "நீங்க இனிமே வர வேண்டாம் மேடம். மீதி வசனத்த வேற ஒருத்தர் பாத்துக்குவாரு." இப்போதும் சிரித்தபடிதான் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும்.

அழவில்லை. அலமாரியில் இருந்த மூன்று வருஷக் கோப்புகளை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப அங்கேயே வைத்தேன். அந்த வரியை நினைத்தால்தான் ஆறவில்லை. 'நாம்' என்று திரும்பப் பேசப் போகிறார்கள். திறந்த வாயில் 'ம்' வரும். அதையும் பார்த்து யாராவது சிரிக்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இடி போன் செய்தார். பின்னால் ஸ்டுடியோவின் குளிர்சாதனம் இரைவது கேட்டது.

"முடிஞ்சிருச்சும்மா. அந்த வரி நல்லா வந்திருக்கு."

"உதடு?"

"கச்சிதமா உக்காந்திருச்சு."

"எப்படிண்ணே உக்காரும்? வாய் தொறந்துல்ல நிக்குது?"

"'குற்றவாளிகள் நாமே'ன்னு சொன்னேன்."

நாமே. 'மே'. உதடு ஒரு முறை ஒட்டும், உடனே திறக்கும், திறந்தபடியே நிற்கும். அந்தத் தவளை வாயும் நடுவில் ஒரு முறை மூடித்தான் திறக்கிறது. கடைசியில் திறந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவே இல்லை. அர்த்தமும் போகாது, கூடவே ஒரு அழுத்தமும் சேரும். ஒரே ஒரு எழுத்து.

"புதுசா வசனம் எழுத வந்தவரு சொன்னாரா?"

"இல்லம்மா, நான்தான்."

"ஏண்ணே, இவ்வளவு தெரிஞ்சவரு அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" கத்தியேவிட்டேன். "அன்னிக்குச் சொல்லிருந்தா இத்தனை கூத்தும் நடந்திருக்குமா?"

"சொல்லத்தாம்மா வந்தேன்" என்றார். "'வேணும்னா'ன்னு ஆரம்பிச்சேன். நீ எழுதினதப் படிங்கன்னுட்ட."

அடுத்த வரிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கண்ணாடி முன்னால் போய் நின்று சொல்லிப் பார்த்தேன். நாமே. நாமே. ஒவ்வொரு தடவையும் உதடு சரியாகத்தான் பொருந்தியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரையாவது பிடித்து நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.